யாரும் கவனிக்காத வசதிகளில் எதை நீக்குவது?

கேள்வி: ஆவணங்களை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் திறந்த மூல மென்பொருள் ஒன்றை நாங்கள் நால்வர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். தொடங்கியவர்கள் பலரும் விலகிவிட்டார்கள். அவர்கள் எழுதிவிட்டுப் போன நான்கு வசதிகளை இப்போது எங்களில் யாருமே கவனிப்பதில்லை. முதலாவது, வழக்கொழிந்த ஒரு சொற்செயலியின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் செய்கிற பகுதி. வேறு எந்தத் திறந்த மூலக் கருவியும் இந்த வடிவத்தைப் படிப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது, புதுப்பிப்பு நின்றுபோன ஒரு நூலகத்தின்மேல் கட்டப்பட்ட வரைகலை முகப்பு. மூன்றாவது, எஃப்டிபி (கோப்புகளை வலைவழி அனுப்பும் பழைய நெறிமுறை) முகவரியைக் கொடுத்தால் கோப்பைத் தானே இறக்கிக்கொள்ளும் வசதி. நான்காவது, பழைய 32 பிட் செயலி ஒன்றுக்கான ஆதரவு. அடுத்த பெரிய வெளியீட்டில் சிலவற்றையாவது நீக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. எவற்றை என்பதில்தான் சண்டை. "யாரும் கேட்காததை நீக்கிவிடலாம்" என்கிறார் ஒருவர். "ஒரே ஒருவர் பயன்படுத்தினாலும் நீக்கக் கூடாது" என்கிறார் மற்றொருவர். எதை அளவுகோலாகக் கொள்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றினாலும், இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தான்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்னும் எண்ணிக்கை. அதை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். திறந்த மூல மென்பொருளில் அந்த எண்ணிக்கை ஒருபோதும் நம்பும்படியாகக் கைக்கு வருவதில்லை. பதிவிறக்கங்களின் கணக்கைத் தானியங்கிச் சோதனை இயந்திரங்கள் ஊதிப் பெருக்கியிருக்கும். வழு அறிக்கைகளோ, ஒரு வசதி குறையின்றி இயங்கினாலும் வராது, அதை யாரும் தொடாவிட்டாலும் வராது. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த மென்பொருள் தொகுப்பு எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் 'பாப்கான்' திட்டம் விரும்பிச் சேர்ந்தவர்களின் கணினிகளை மட்டுமே எண்ணுகிறது. அதுவும் தொகுப்பு அளவில்தான் எண்ணுகிறது. தொகுப்புக்குள் இருக்கும் ஒரு வசதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இதற்கெல்லாம் மேலாக, நிலைப் பதிப்புகளை மட்டும் பயன்படுத்துகிற நிறுவனங்களுக்கு உங்கள் புதிய வெளியீடு ஓரிரு ஆண்டுகள் கழித்தே போய்ச் சேரும். ஆகவே "நீக்கினோம், யாரும் கேட்கவில்லை" என்று வெளியீட்டுக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு சொல்வதில் பொருளில்லை. கேட்க வேண்டியவர் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறார்.

பயனர்களைக் கேட்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. வலைவழித் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கருவியான கர்லின் திட்டம் ஆண்டுதோறும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி, எந்த நெறிமுறைகளை, எந்தத் தளங்களில் பயன்படுத்துகிறீர்கள் என்று பயனர்களிடம் நேரடியாகக் கேட்கிறது. அப்படிக் கேட்டால், நீக்கம் யாரைத் தொடும், அவர்களுக்கு எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது தெரியவரும். நீக்கலாமா என்னும் முடிவை அந்தக் கணிப்பிடம் ஒப்படைக்க முடியாது. அதற்கு வேறு இரண்டு கேள்விகள் தேவை. இந்த வசதி உடைந்தால் பதில் சொல்ல ஆள் யார்? ஆள் இல்லாத நிலையில் அது உடைந்தால் கேடு யாரைச் சேரும்? உங்கள் பட்டியலில் உள்ள நான்குக்கும் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகள் வெவ்வேறாக இருக்கின்றன. அதனால்தான் ஒரே விதியால் நான்கையும் தீர்க்க முயன்று உங்களுக்குள் சண்டை வருகிறது.

முதல் கேள்வியிலேயே சற்றுக் கவனம் வேண்டும். 'கவனிப்பார் இல்லை' என்பதைக் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை வைத்து முடிவு செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது, அது பிழையானது. வடிவமே மாறாத ஒரு கோப்பைப் படிக்கும் நிரலுக்கு எட்டு ஆண்டுகளாகத் திருத்தம் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். அது முடிந்த வேலை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு என்பதோடு அதன் நிலையையும் அது குறிப்பிடுகிறது: சம்பளத்துக்கே ஒருவர் கவனிக்கிறார், ஒருவர் கவனிக்கிறார், அவ்வப்போது சிறு திருத்தங்களுக்கு மட்டும் ஆள் உண்டு, ஆளே இல்லை, வழக்கொழிந்தது எனப் பல படிகள். இந்தப் படிகளில் எதுவும் தேதியால் தீர்மானிக்கப்படுவதில்லை. பொறுப்பேற்ற மனிதரால் தீர்மானிக்கப்படுகிறது. அப்படியொரு கோப்பு உங்களிடம் இல்லையென்றால், நீக்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை எழுதுங்கள். நால்வர் மட்டுமே இருக்கும் திட்டத்தில் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். எந்த வரிக்கு நேரே பெயர் எழுத எல்லோரும் தயங்குகிறீர்களோ, அந்த வரிகள்தான் உங்கள் உண்மையான பட்டியல். அது நீங்கள் எனக்கு எழுதிய நான்கைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

பெயர் எழுதுவதற்குமுன் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை எளியவை. இந்தப் பகுதிக்குச் சோதனைகள் இருக்கின்றனவா, அவை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடுகின்றனவா? சோதித்துப் பார்க்க மாதிரிக் கோப்புகளோ வன்பொருளோ நம்மிடம் உள்ளனவா? யாரேனும் ஒரு திருத்தம் அனுப்பினால், அது சரியா தவறா என்று சொல்லும் அளவுக்கு நம்மில் ஒருவருக்கு அந்த நிரல் புரியுமா? இன்றிரவு ஒரு பாதுகாப்பு ஓட்டை பற்றிய தனிமடல் வந்தால், யார் அதைத் திறந்து படிப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மௌனமே விடையானால், அந்த வசதியை நீங்கள் ஏற்கெனவே கைவிட்டுவிட்டீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். பயனர்களுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

அடுத்தது கேடு. இதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், கவனிக்காத வசதியை அப்படியே விட்டுவைப்பதற்குச் செலவேதும் இல்லை என்று திறந்த மூலத் திட்டங்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். செலவு இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, பாதுகாப்பு. 2015-ஆம் ஆண்டு மே மாதம் 'வெனம்' என்று பெயரிடப்பட்ட ஓர் ஓட்டை வெளியானது. க்யூஎமு என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளில், நெகிழ்வட்டு இயக்கியைப் போலச் செயல்படும் பகுதியில் அது இருந்தது. அந்த வழு நிரலுக்குள் நுழைந்தது 2004-இல். மெய்நிகர் கணினிகளில் நெகிழ்வட்டு செருகுவோர் அநேகமாக யாரும் இல்லாத காலத்திலும் அந்தப் பகுதி இயல்பாகவே ஒவ்வொரு மெய்நிகர் கணினியோடும் சேர்ந்து வந்தது. நிர்வாகி அதை வெளிப்படையாக அணைத்துவைத்திருந்தாலும், வேறொரு வழுவின் காரணமாக, ஓட்டையுள்ள நிரல் சில அமைப்புகளில் உயிரோடுதான் இருந்தது. பயனர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நெகிழ்வட்டு ஆதரவு மிகச் சிறிய, யாருக்கும் தொந்தரவு தராத மூலை. கேட்டை வைத்துப் பார்த்தாலோ, அந்த வசதியைப் பயன்படுத்தாத அத்தனை பேரும் அதற்கு ஆளாகியிருந்தார்கள்.

2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டையும் ஏறத்தாழ இதே வகைதான். நிரலில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில், பதிவு செய்யப்படும் செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், நூலகமே அந்த முகவரிக்குச் சென்று தகவலை எடுத்துவரும் வசதி 2013-இல் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வசதி பராமரிப்பாளர்களுக்கே பிடித்தமானதாக இருக்கவில்லை. பழைய பயனர்களின் அமைப்புகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அதை வைத்திருந்தார்கள். ஓட்டை வெளியானபின் சில நாட்களுக்குள் அடுத்தடுத்த வெளியீடுகளில் அதை முதலில் அணைத்தார்கள், பிறகு செய்திகளுக்குள் அப்படித் தேடும் வழியையே நீக்கினார்கள். பழைய பயனரைக் காப்பதற்காக ஒரு வசதியை வைத்திருக்கும்போது, அந்தக் காப்பின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். "ஒரே ஒருவர் பயன்படுத்தினாலும் நீக்கக் கூடாது" என்று சொல்லும் உங்கள் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

ஆகவே, ஒரு வசதி வெளியிலிருந்து வரும், நம்பத்தகாத உள்ளீட்டைத் தொடுகிறதா, இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறதா, நினைவக நிர்வாகத்தை நிரலாளர் கையிலேயே விட்டுவிடும் சி போன்ற மொழியில் எழுதப்பட்டதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், ஆளில்லாத நிலையில் அதை இப்போதிருப்பதுபோல் விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை.

செலவின் இரண்டாவது வழி, மற்ற வேலைகளை இழுத்துப் பிடிப்பது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. செயலியின் ஒப்பீட்டு விடைகளைக் கையாளும் 'சிசி0' என்னும் பழைய ஏற்பாட்டைச் சில பழைய செயலிகளுக்கான பகுதிகள் மட்டும் நம்பியிருந்தன. அந்தச் சிலவற்றுக்காகத் தொகுப்பியின் பொதுப் பகுதிகள் முழுவதும் இரண்டு ஏற்பாடுகளையும் சுமந்துகொண்டிருந்தன. புதிய ஏற்பாட்டுக்கு மாறாத பகுதிகள் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அப்போது அந்தப் பழைய செயலிகளில் ஒன்றான எம்68கேயின் ஆர்வலர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, அந்த மாற்றத்தைச் செய்து தருபவருக்குப் பரிசு அறிவித்து, அந்தப் பகுதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பிறகு 2021-இல் பழைய ஏற்பாடே நீக்கப்பட்டது. உங்கள் திட்டத்தில் இந்த இழுவையை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலேயே அளந்துவிடலாம். அந்த வசதியின் கோப்புகளைத் தொட்ட மாற்றங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை அந்த வசதிக்காகவே செய்யப்பட்டவை, எத்தனை வேறெதையோ மாற்றும்போது அதையும் உடையாமல் வைத்திருக்க வேண்டி வந்தவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகையே நிறைந்திருந்தால், அந்த வசதி உங்கள் நால்வரின் நேரத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு செலவுகளையும் ஒரு பக்கம் வைத்தபின், மறுபக்கம் வைக்க வேண்டியது பயனரின் இழப்பு. இங்கேயும் எத்தனை பேர் என்பதைவிட, ஒருவர் இழப்பது என்ன, அதை வேறெங்கேனும் பெற முடியுமா என்பதுதான் முக்கியம். கோப்பு வடிவங்களின் விஷயத்தில் படிப்பதையும் எழுதுவதையும் பிரித்துப் பார்ப்பது பெரிதும் உதவும். வழக்கொழிந்த வடிவத்தில் புதிதாக எழுத வேண்டிய தேவை ஏறக்குறைய யாருக்கும் இராது. படிக்க வேண்டிய தேவையோ, அந்தக் கோப்பு எங்கேனும் ஒரு வட்டில் கிடக்கும் வரைக்கும் இருக்கும். லினக்ஸில் ரைசர்எஃப்எஸ் கோப்பு முறைமையை 2022-இல் வழக்கொழிந்ததாக அறிவித்து, 2025-இல் நீக்குவதாகக் காலக்கெடு வைத்ததற்கும் இதே கவலைதான் காரணம். வட்டிலுள்ள தரவை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள மக்களுக்குக் காலம் வேண்டும். சொன்னபடி, 2025 ஜனவரியில் வெளியான 6.13 பதிப்பில் அது இல்லை. திறந்த மூலத்தில் இன்னோர் ஆறுதலும் உண்டு. பழைய பதிப்பு அழிந்துபோவதில்லை. ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும் என்னும் நிலையில் இருப்பவர், வலைத்தொடர்பில்லாத கணினியில் பழைய பதிப்பை நிறுவி வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் நாளும் அந்த வசதியை நம்பியிருப்பவருக்கு இந்த ஆறுதல் செல்லாது. ஏனென்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பதிப்பிலேயே அவரை நாம் நிறுத்திவிடுகிறோம்.

இனி உங்கள் நான்கு வசதிகளுக்கு வருகிறேன்.

எஃப்டிபி வசதியை முதலில் நீக்குங்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. அது வெளி உள்ளீட்டைத் தொடுகிறது, உங்கள் மென்பொருளின் மைய வேலையோடு அதற்குத் தொடர்பில்லை, மாற்று மிக எளிது: கோப்பை வேறொரு கருவியால் இறக்கி, அதை உங்கள் மென்பொருளுக்குக் கொடுத்தால் ஆயிற்று. ஃபயர்பாக்ஸ் உலாவி 2021 ஜூலையில் 90-ஆம் பதிப்போடு எஃப்டிபியை நீக்கிவிட்டது, குரோமும் அதே ஆண்டில் நீக்கியது. உலாவிகளே சுமக்க மறுத்த ஒன்றை, நால்வர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் ஆவண மாற்றி சுமக்க வேண்டியதில்லை.

வரைகலை முகப்பை நீக்குவதைவிடப் பிரித்து வெளியே வைப்பது நல்லது. புதுப்பிப்பு நின்றுபோன நூலகம் ஒன்றை முதன்மை மென்பொருளோடு கட்டிவைத்தால், அந்த நூலகத்தின் ஓட்டைகளும் உங்களுடையவை ஆகிவிடும். பிஎச்பி மொழி மறையாக்கத்துக்கான எம்கிரிப்ட் நீட்சியை இப்படித்தான் கையாண்டது. அது நம்பியிருந்த லிப்எம்கிரிப்ட் நூலகத்துக்கு 2007-க்குப் பிறகு புதுப்பிப்பு இல்லை, ஆகவே 7.1 பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவித்து, 2017-இல் வந்த 7.2 பதிப்பில் மொழியின் மையத்திலிருந்து எடுத்து, வேண்டுவோர் தனியே நிறுவிக்கொள்ளும் பெக்கல் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் முகப்பைத் தனிக் களஞ்சியமாக்கி, கட்டளைவரியை வெளியிலிருந்து அழைக்கும்படி செய்துவிட்டால், அதை விரும்பும் யாரேனும் புதிய நூலகத்துக்கு மாற்றி எழுத வழி பிறக்கும். யாரும் வராவிட்டால் அது அங்கேயே உறங்கட்டும். முதன்மை வெளியீட்டை அது தடுக்காது.

பழைய செயலிக்கான ஆதரவில் நான் சற்று மெத்தனமாகவே இருப்பேன். அந்தச் செயலி உங்களில் யாரிடமும் இல்லை, சோதனை இயந்திரமும் இல்லை என்றால், 'ஆதரிக்கிறோம்' என்று ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மைக்குப் புறம்பானது. அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். நிரலை எடுப்பது வேறு விஷயம். ஆங்காங்கே சில நிபந்தனை வரிகளாக மட்டும் இருந்து எதையும் இழுத்துப் பிடிக்கவில்லையென்றால், அவற்றை விட்டுவைப்பதால் பெரிய கேடில்லை. தொகுத்துப் பார்த்து இயங்கினால் பயன்படுத்திக்கொள்ளட்டும். லினக்ஸ் கர்னல் 2018-இல் 4.17 பதிப்பில் எட்டு செயலிக் கட்டமைப்புகளுக்கான ஆதரவை ஒரே வீச்சில் நீக்கி ஏறத்தாழ 5 லட்சம் நிரல் வரிகளைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அவை ஒவ்வொன்றும் தனியே பெரும் நிரல் திரளாக இருந்தன. அவற்றை உருவாக்கிய நிறுவனங்களும் அந்தக் கட்டமைப்புகளை விட்டு விலகியிருந்தன. உங்கள் நிலை அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

எஞ்சியிருப்பது பழைய சொற்செயலி வடிவம். நான்கில் மிகக் குறைவான பயனர்களைக் கொண்டது இதுவாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான். ஆயினும் இதன் படிக்கும் பகுதியைக் காப்பாற்ற முயலுங்கள் என்கிறேன். வேறெந்தத் திறந்த மூலக் கருவியும் அதைப் படிப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது நீங்கினால் அந்தக் கோப்புகளை வைத்திருப்பவருக்குப் போக்கிடம் இல்லை. அதே சமயம், மேலே சொன்ன மூன்று ஆபத்துகளும் இதில் ஒருங்கே இருக்கக்கூடும்: யாரோ அனுப்பிய கோப்பைப் படிக்கிறது, இயல்பாகவே இயங்குகிறது, பெரும்பாலும் பழைய சி நிரலாகவே இருக்கும். ஆகவே காப்பாற்றுவது என்பதற்கு இப்படியே விட்டுவிடுவது என்று பொருளில்லை. எழுதும் பகுதியை நீக்கிவிடுங்கள். பாதி நிரல் அதோடு போய்விடும். படிக்கும் பகுதியை இயல்பாக அணைத்துவையுங்கள். பயனர் வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் இயங்கட்டும். கோப்பின் தொடக்கத்தைப் பார்த்துத் தானாகவே வடிவத்தைக் கண்டுகொண்டு இந்த நிரலிடம் ஒப்படைக்கும் வழியையும் மறக்காமல் அடைத்துவிடுங்கள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள், அணைத்ததாக நினைத்த வசதி பின்வாசல் வழியாக இயங்கிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் அதைக் கோப்புகளையோ வலையையோ தொடும் உரிமையில்லாத தனிச் செயல்முறையாக இயக்குங்கள். தாறுமாறான உள்ளீடுகளைத் தானாக உருவாக்கிக் கொடுக்கும் ஃபஸ்ஸிங் சோதனையைச் சில நாட்கள் ஓடவிட்டால், நிரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இத்தனையையும் செய்ய உங்களில் ஒருவர் தம் பெயரைக் கொடுத்தாக வேண்டும். நால்வரில் யாரும் கொடுக்கத் தயாரில்லையென்றால், இதையும் நீக்கத்தான் வேண்டும். ஆனால் நான்கில் கடைசியாக, மிக நீண்ட அறிவிப்போடு.

அறிவிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு சரியாக இருந்தும் அறிவிப்பால் கெட்டுப்போன நீக்கங்கள் நிறைய உண்டு. செயலிகளைக் கொள்கலன்களாகப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், 2020 டிசம்பரில் தன் 1.20 பதிப்பில், கொள்கலன்களை உருவாக்கி இயக்கும் டாக்கர் மென்பொருளோடு பேசுவதற்கென்று தனக்குள் வைத்திருந்த 'டாக்கர்ஷிம்' என்னும் இடைப்பகுதியை வழக்கொழிந்ததாக அறிவித்தது. டாக்கரில் உருவாக்கிய படிமங்கள் தொடர்ந்து இயங்கும் என்பது பலருக்கும் சென்று சேரவில்லை. டாக்கரையே இனிப் பயன்படுத்த முடியாது என்று எண்ணிப் பலர் பதறினார்கள், பதற வேண்டாம் என்று திட்டமே தனியாக விளக்கம் எழுத நேர்ந்தது. ஆகவே எது போகிறது என்பதைச் சொல்லும் அதே வரியில் எது போகவில்லை என்பதையும் சொல்லுங்கள். பைத்தான் மொழி தன் செந்தர நூலகத்திலிருந்து 19 பழைய நிரற்கூறுகளை நீக்கியபோது வெளியிட்ட 594-ஆம் முன்மொழிவு ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு கூறும் ஏன் போகிறது, அதற்கு மாற்று உண்டா என்பதோடு, நீக்கலாமா என்று எண்ணிப் பார்த்தபின் வைத்துக்கொள்ள முடிவு செய்தவை எவை, ஏன் என்றும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. 2022-இல் 3.11 பதிப்பில் எச்சரிக்கை தொடங்கி, 2024 அக்டோபரில் 3.13 பதிப்பில் அவை நீங்கின.

காலக்கெடு எவ்வளவு என்பதற்குப் பொது விதி கிடையாது. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், வலுவிழந்த டிஎஸ்ஏ வகை மறையாக்கச் சாவிகளை 2015-இல் இயல்பாக அணைத்துவிட்டு, 2025-இல் 10.0 பதிப்பில்தான் முற்றிலும் நீக்கியது. க்யூஎமு, ஒரு வசதியை வழக்கொழிந்ததாக அறிவித்த வெளியீட்டிலும் அதற்கடுத்த வெளியீட்டிலும் வைத்திருந்து, அதன்பின் நீக்கலாம் என்று விதி வகுத்திருக்கிறது. உங்கள் அளவிலான திட்டத்துக்கு இரண்டு வெளியீடுகள் என்னும் விதி ஏற்றது. ஜிசிசியில் இன்னொரு நல்ல உத்தி உண்டு: வழக்கொழிந்ததாக அறிவித்த பகுதியைத் தொகுக்க வேண்டுமானால், அதை அறிந்தே கேட்கிறேன் என்று பொருள்படும் ஒரு விருப்பத் தேர்வைப் பயனர் தாமாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தொகுப்பு நின்றுவிடும். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காதவருக்கும் செய்தி போய்ச் சேர இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. இதன் மறுபக்கமும் உண்மைதான். நீக்கப்பட்ட விருப்பத் தேர்வை மென்பொருள் பேசாமல் புறக்கணித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால், வெளிவரும் ஆவணம் வேறாக இருப்பதைப் பயனர் மாதங்கள் கழித்தே கவனிப்பார். அந்தப் பெயரைச் சில ஆண்டுகள் விட்டுவையுங்கள். அதைக் கொடுத்தால், எந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, மாற்று என்ன என்று சொல்லி, பிழைக் குறியீட்டோடு நின்றுவிடட்டும்.

அறிவிப்புக்குப் பிறகு யாரேனும் முன்வந்து "நான் கவனித்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். இது நடப்பதுதான். இட்டானியம் செயலிக்கான ஆதரவு லினக்ஸ் கர்னலில் 6.7 பதிப்போடு நீங்கிய வேளையில், ஜிசிசியும் 14-ஆம் பதிப்பில் அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. பிறகு ஒருவர் பொறுப்பேற்க முன்வந்ததால் ஜிசிசி அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது. அப்படி ஒருவர் வந்தால் மகிழுங்கள், ஆனால் வாக்குறுதியை மட்டும் வைத்துத் திட்டத்தை மாற்றாதீர்கள். சோதனைகளை எழுதித் தரட்டும், மாதிரிக் கோப்புகளைச் சேர்க்கட்டும், ஒரு வெளியீட்டின் காலம் முழுவதும் வழு அறிக்கைகளுக்கு விடை சொல்லட்டும். அதன்பின் அவர் பெயரை உங்கள் பொறுப்பாளர் பட்டியல் கோப்பில் எழுதுங்கள். அவர் ஏற்கும் பகுதிக்கு மட்டும் பொறுப்பைக் கொடுங்கள். வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் சாவியை அதோடு சேர்த்துக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள் பற்றி 2024 மார்ச்சில் வெளிவந்த விவகாரத்தில், களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரைச் சிலர் மடல்களால் நெருக்கினார்கள். உதவ வந்தவராகத் தோன்றியவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்தார். பின்னர் வெளியீட்டு உரிமையைப் பெற்று 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். உதவ வருபவர் எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் "ஏன் நீக்கினீர்கள், ஏன் இன்னும் ஒப்படைக்கவில்லை" என்று அவசரப்படுத்தும் குரல்களுக்கு நீங்கள் கடன்பட்டவர்கள் இல்லை என்பதை நால்வரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபமான மடல்கள் வரத்தான் செய்யும். உரிமத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை என்று எழுதியிருப்பதை அவர்கள் முகத்தில் எறிய வேண்டாம். அது உண்மையென்றாலும் உதவாது. முடிவின் காரணத்தை எழுதிவைத்த பக்கத்தைக் காட்டி, எந்தப் பழைய பதிப்பு அவர்களுக்கு உதவும் என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது ஒவ்வொரு வசதியின் நீக்கத்தையும் கிட்டில் தனி மாற்றமாகவே செய்யுங்கள். நான்கையும் ஒன்றாகவோ, இடையில் நிரலைச் சீர்படுத்தும் வேறு திருத்தங்களோடு கலந்தோ செய்தால், பின்னால் ஒன்றை மட்டும் மீட்க வேண்டி வரும்போது திணறுவீர்கள். நீக்குவதற்கு முந்தைய நிலைக்கு ஒரு குறியிட்டு வைத்து, மாற்றத்தின் விளக்கத்தில் அந்தக் குறியின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் இதைச் செய்யாமல், புதிய வெளியீட்டுக்கான வேலை தொடங்கும் முதல் நாட்களிலேயே செய்துவிட்டால், முன்னோட்டப் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அதனோடு சில மாதங்கள் பழகிப் பார்த்துச் சொல்ல இடமிருக்கும். எஃப்டிபியிலிருந்து தொடங்குங்கள்.